ஹாலோவீன் மிட்டாய்க்கு ஏன் இத்தனை ஏக்கம்?

அக்டோபர் கடைசி வாரம் வந்துவிட்டால் அமெரிக்கர்கள் ஒரு பழைய விவாதத்தைத் தூசி தட்டி எடுத்துவிடுவார்கள். பேசுகிறவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள், கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறவர்கள். 1980 ஹாலோவீன் இரவில், மிட்டாய் கேட்டு வந்த பிள்ளைகளுக்கு எந்த வீட்டில் முழு ஸ்னிக்கர்ஸ் சாக்லேட் கொடுத்தார்கள், எந்த வீட்டில் உலர்திராட்சைப் பெட்டியைக் கையில் திணித்து வெறுப்பேற்றினார்கள் என்பதுதான் பேச்சு. பல் டாக்டர் வீட்டில் டூத் பிரஷ் வாங்கிய கதையை ஒருவர் ஆரம்பித்தால், "எங்கள் தெருவிலும் ஒருத்தர் இருந்தார்" என்று பத்துப் பேர் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இதில் இரண்டு விஷயம் புரியாது. அந்த மிட்டாய்களில் பெரும்பாலானவை இன்றைக்கும் மூலைக்கடையில் கிடைக்கின்றன. வாங்கிச் சாப்பிடாமல் எதற்கு ஏக்கம்? அடுத்தது, தாத்தா பாட்டன் காலத்து வழக்கம் போலப் பேசுகிறார்களே, அது உண்மையில் எவ்வளவு பழசு? இரண்டாவது கேள்வியைப் பிடித்தால் முதல் கேள்விக்கும் விடை வந்துவிடும்.

## முதலில் சில சொற்கள்

அக்டோபர் 31 மாலையில் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்று கூவுவார்கள். "ஏதாவது கொடுங்கள், இல்லாவிட்டால் வம்பு பண்ணுவோம்" என்று அர்த்தம். இன்றைக்கு யாரும் வம்பு பண்ணுவதில்லை. மிரட்டல் வெறும் சம்பிரதாயமாக நின்றுவிட்டது. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். இந்தப் பேச்சில் அடிக்கடி வரும் வேறு மூன்று சொற்கள்:

1. ஃபன் சைஸ்: கடைகளில் விற்கும் சாக்லேட் பாரின் குட்டிப் பதிப்பு. பையாக வாங்கி, ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கலாம். இந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று மார்ஸ் கம்பெனியும் கர்டிஸ் கம்பெனியும் 1970களின் தொடக்கத்தில் நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்டன. சின்னதாக்கிக் கொடுத்துவிட்டு அதற்கு 'ஜாலி அளவு' என்று பெயரும் வைத்தவரின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

2. ஃபுல் சைஸ் வீடு: குட்டி பார் கொடுக்காமல் முழு பாரே கொடுக்கும் வீடு. தெருவுக்கு ஒன்று இருந்தால் அதிகம். செய்தி பிள்ளைகளுக்குள் காற்றாய்ப் பரவும். அடுத்த வருஷம் முதலில் போகிற வீடு அதுதான்.

3. அப்பா வரி: பிள்ளைகள் கொண்டுவந்த மிட்டாயைப் பெற்றோர் 'சோதித்துப் பார்க்கிறேன்' என்ற பெயரில் எடுத்துச் சாப்பிடுவது. இந்தச் சோதனை எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை, கீழே வருகிறது.

## பழசு, ஆனால் அவ்வளவு பழசு இல்லை

ஹாலோவீனின் வேர் பழையதுதான். குளிர்காலத் தொடக்கத்தில் அயர்லாந்து, பிரிட்டன் பகுதிகளின் பழங்குடிகளான கெல்ட் மக்கள் கொண்டாடிய சம்ஹைன், நவம்பர் 1இல் வரும் கிறிஸ்தவர்களின் அனைத்துப் புனிதர் திருநாள், இறந்தவர்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்லி ஏழைகள் வீடு வீடாகப் போய்ச் சின்ன கேக்குகள் வாங்கிய இடைக்கால இங்கிலாந்து வழக்கம், ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் வேஷம் கட்டிப் பாட்டுப் பாடிப் பழமும் காசும் வாங்கிய பிள்ளைகள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியபோது அங்கே பூசணி பெரிதாகக் கிடைத்தது, குடைவதும் சுலபம். கிழங்கு ஓய்வு பெற்றது.

ஆனால் மிட்டாய் நிறைந்த ஹாலோவீன் மிகவும் புதியது. 1920களிலும் 30களிலும் அமெரிக்காவில் ஹாலோவீன் என்றாலே விடலைப் பையன்களின் அட்டகாசம். வேலிக் கதவைக் கழற்றிக் கொண்டுபோய் எங்காவது போடுவது, ஜன்னல் கண்ணாடியில் சோப்பைத் தேய்ப்பது, கொல்லைக் கழிப்பறையைக் கவிழ்த்துவிடுவது. பொருளாதார மந்தக் காலத்தில் இது கண்ணாடி உடைப்பு, தீவைப்பு என்று முற்றியது. ஊர்ப் பெரியவர்கள் அடிக்க முடியாத பையன்களுக்கு விருந்து வைத்துப் பார்த்தார்கள். 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்ற கூவலும் அந்தக் காலத்ததுதான். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிளாக்கி என்ற சிற்றூரில் பையன்கள் அப்படிக் கேட்டுக் கதவைத் தட்டியதாக 1927ஆம் ஆண்டுப் பத்திரிகைச் செய்தி ஒன்று இருக்கிறது. அதில் கேட்டது லஞ்சம்தான், கொஞ்சம் இனிப்பான லஞ்சம்.

அட்டகாசத்தைக் கையாண்டதில் அயோவா மாநிலத்தின் டி மொயின் நகரம் தனி ரகம். 1938 ஹாலோவீன் கலாட்டாவில் போலீஸ் திணறிய பிறகு, முந்தின நாளான அக்டோபர் 30ஐப் 'பிச்சைக்காரர் இரவு' என்று அறிவித்துப் பிள்ளைகளை அன்றைக்கே வீடுகளுக்கு அனுப்பப் பழக்கினார்கள். ஆனால் சும்மா மிட்டாய் கிடையாது, ஒரு ஜோக் சொல்ல வேண்டும். "பேயால் ஏன் பொய் சொல்ல முடியாது?" "உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்துவிடுமே!" இந்தத் தரத்தில்தான் இருக்கும். வீட்டுக்காரர் ஒரே ஜோக்கை இருபதாவது முறை கேட்டும் புதிதாகக் கேட்பவர் போலச் சிரித்தாக வேண்டும். என்னைக் கேட்டால், அந்த நடிப்புக்கு இன்னொரு மிட்டாய் அவருக்கும் கொடுக்கலாம்.

வழக்கம் நாடு முழுவதும் பரவாமல் தடுத்தது இரண்டாம் உலகப் போர். 1942இல் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது, 1947இல்தான் நீங்கியது. அதன் பிறகு மூன்று காரியங்கள் ஒன்றாக நடந்தன. சர்க்கரை தாராளமாகக் கிடைத்தது. போரிலிருந்து திரும்பியவர்கள் நகரங்களின் புறத்தே வரிசையாக வீடு கட்டிக் குடியேறினார்கள். நடந்தே ஐம்பது கதவைத் தட்டலாம் என்கிற தெருக்கள் அப்போதுதான் உருவாயின. அந்தத் தெருக்களில் இதற்கு முன் இல்லாத அளவுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். 1950இல் பிலடெல்பியாவில் சில பிள்ளைகள் மிட்டாயோடு யுனிசெஃப்புக்குச் சில்லறைக் காசும் வசூலித்தார்கள் என்றால், வழக்கம் அதற்குள் எவ்வளவு ஊன்றியிருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, இன்றைக்கு நாற்பது வயதைத் தாண்டி ஏங்குகிறவர்கள் நினைப்பது ஏறக்குறைய 1950க்கும் 1995க்கும் இடைப்பட்ட ஹாலோவீனை. ஒரு மனித ஆயுளுக்குள் பிறந்து வளர்ந்து மாறிவிட்ட விஷயம் அது.

## பாப்கார்ன் உருண்டையை ஒழித்தது யார்?

அந்தக் காலத்தின் முதல் பாதியில் பையில் விழுந்தவை கலவையானவை. வீட்டில் சுட்ட குக்கி, பாகு ஊற்றிப் பிடித்த பாப்கார்ன் உருண்டை, ஆப்பிள், வேர்க்கடலை, காசு. 1970களுக்குள் இவையெல்லாம் மறைந்து, கம்பெனி உறை போட்ட மிட்டாய் மட்டும் மிஞ்சியது. காரணம் பயம்.

ஆப்பிளுக்குள் பிளேடு, மிட்டாய்க்குள் விஷம் என்ற பேச்சு 1960களிலிருந்தே உண்டு. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதல் வந்த பத்திரிகைச் செய்திகளைத் திரட்டி, ஜெரால்ட் ஹோரியுச்சியுடன் 1985இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். முகம் தெரியாத ஒருவர், வந்த பிள்ளைகளுக்கெல்லாம் விஷ மிட்டாய் கொடுத்துக் கொன்றதாக உறுதியான ஒரு சம்பவமும் அவருக்குக் கிடைக்கவில்லை. வந்த புகார்களில் பல விளையாட்டுப் புரளிகள்.

பயத்துக்கு உரம் போட்டவை இரண்டு நிஜச் சம்பவங்கள். 1974இல் டெக்சாஸில் ஒரு பையன் சயனைடு கலந்த மிட்டாய்த் தூளைச் சாப்பிட்டு இறந்தான். கலந்தவர் பெற்ற தகப்பனே. காப்பீட்டுப் பணத்துக்காகச் செய்ததாக வழக்கில் நிரூபணமானது. தெருவில் வந்த அந்நியர் யாரும் அதில் இல்லை. 1982இல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். ஹாலோவீனுக்குச் சில வாரங்களே இருந்தன. மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் பீதிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பிள்ளைகளின் மிட்டாய்ப் பையை இலவசமாக எக்ஸ்ரே எடுத்துத் தருகிறோம் என்று ஆஸ்பத்திரிகள் அறிவித்தன. விஷம் எக்ஸ்ரேயில் தெரியாது என்பது வேறு விஷயம்.

இதனால் விளைந்தவை:

1. வீட்டில் செய்தது எதுவும் வாங்கக்கூடாது, உறை பிரிந்திருந்தால் குப்பையில் போட வேண்டும் என்பது பொது விதியானது.
2. உறை போட்ட குட்டிப் பாருக்குச் சந்தை திறந்தது. அதைக் கம்பெனிகள் விடவில்லை.
3. வீட்டுக்கு வந்ததும் பெற்றோர் 'சோதனை' செய்யும் பழக்கம் வேரூன்றியது. பயம் போனாலும் சோதனை போகவில்லை. சோதனையில் சந்தேகத்துக்கு உள்ளாவது எப்போதும் வேர்க்கடலை வெண்ணெய் வைத்த ரீசஸ் கப் சாக்லேட்தான், ஒரு முறைகூட உலர்திராட்சைப் பெட்டி மாட்டியதில்லை என்று பிள்ளைகள் அன்றைக்கே கவனித்திருக்கிறார்கள்.

## தரையில் நடக்கும் சந்தை

நினைவுகளில் அதிகம் திரும்ப வருவது வீடு திரும்பிய பின் நடப்பது. பை என்றால் பெரும்பாலும் தலையணை உறை. மெக்டொனால்ட்ஸ் 1986இல் நாடு முழுக்கக் கொடுத்த பூசணி வடிவ வாளியும் உண்டு, ஆனால் பேராசைக்காரர்களுக்கு அது போதாது. பையை அப்படியே வரவேற்பறைத் தரையில் கவிழ்த்து, ரகம் பிரித்து, அண்ணன் தங்கைக்குள் பேரம் தொடங்கும்.

மேல் வரிசையில் ரீசஸ் பீனட் பட்டர் கப். ஹெச்.பி. ரீஸ் 1928இல் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரிலேயே தயாரிக்கத் தொடங்கியது. அதற்கடுத்து மார்ஸ் குடும்பத்துக் குதிரையின் பெயரில் 1930இல் வந்த ஸ்னிக்கர்ஸ், பிறகு கிட்கேட், ட்விக்ஸ். நடு வரிசையில், 1896இல் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளும் டூட்ஸி ரோல் என்ற மெல்லும் மிட்டாய். அது ஒரு செலாவணி மாதிரி, சில்லறை கொடுக்க உதவும். அமெரிக்க ஸ்மார்ட்டீஸ் என்பது சர்க்கரை மாத்திரைகளைச் சுருட்டிய பொட்டலம். கனடாவில் இதே பொருளுக்கு ராக்கெட்ஸ் என்று பெயர், அங்கே ஸ்மார்ட்டீஸ் என்று கேட்டால் சாக்லேட் கொடுப்பார்கள்.

கடைசி வரிசைதான் சுவாரசியமானது. ஆரஞ்சும் கறுப்புமாக மெழுகுத் தாளில் சுற்றி, பெயரே போடாமல் வரும் வேர்க்கடலை வெண்ணெய் டாஃபி. அதைக் கொடுத்த வீட்டின் விலாசம் வரை நினைவு வைத்திருப்பவர்கள் உண்டு. கடித்தால் சுண்ணாம்புத் துண்டு போல உதிரும் நெக்கோ வேஃபர். நெக்கோவை வாங்கிய பிள்ளை முகம் சுளிக்காத ஹாலோவீன் இல்லை. ஆனால் 1847இல் பிறந்த அந்த மிட்டாயின் கம்பெனி 2018இல் மூடப்போகிறது என்றதும் ஜனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். ஃப்ளோரிடாவில் ஒரு பெண், கையிருப்பு மொத்தத்தையும் கொடுத்தால் தன் ஹோண்டா அக்கார்ட் காரையே கொடுத்துவிடுவதாக ஒரு மிட்டாய் வியாபாரியிடம் சொன்னார். ஓஹையோவின் ஸ்பாங்ளர் கம்பெனி 2020இல் நெக்கோவைத் திரும்பக் கொண்டுவந்தது. பதுக்கியவர்கள் முகத்தைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் கீழே, ஆனால் எல்லாப் பேச்சுக்கும் நடுவே, கேண்டி கார்ன். சோளமணி வடிவம், அடியில் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, நுனியில் வெள்ளை. 1880களில் பிலடெல்பியாவின் வண்டர்லே கம்பெனியில் வேலை பார்த்த ஜார்ஜ் ரெனிங்கர் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். கோலிட்ஸ் கம்பெனி 1898இலிருந்து செய்தது, 'கோழித் தீனி' என்று பெயர் வைத்து, பெட்டியில் சேவல் படம் போட்டு விற்றது. அப்போது இதற்கும் ஹாலோவீனுக்கும் சம்பந்தமே இல்லை.

செய்முறை இப்படி. தட்டில் சோள மாவைப் பரப்பி, அதில் மணி வடிவக் குழிகளை அழுத்துவார்கள். சர்க்கரையும் சோளப் பாகும் சேர்ந்த சூடான கூழை நுனி வெள்ளை, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள் என்று மூன்று முறை ஊற்றுவார்கள். இயந்திரம் வருவதற்கு முன், ஆட்கள் கனமான வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தபடியே குழி குழியாக ஊற்றினார்கள். இறுகியதும் மாவை உதறி, மெருகு பூசுவார்கள். அந்த மெருகில் அரக்கு இருக்கிறது. உலகின் அரக்கில் பெரும்பங்கு இந்தியக் காடுகளிலிருந்து போவது. கேண்டி கார்னைத் திட்டும் அமெரிக்கர் நாக்கில் நம் அரக்குப் பூச்சியின் உழைப்பும் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம்.

பிடிக்காது என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் நாட்டில் இத்தனை பேர் இருக்க, ஆண்டுக்குச் சுமார் 3.5 கோடி பவுண்டு, அதாவது 16,000 டன் அளவுக்குத் தயாராகிறது என்று மிட்டாய்த் தயாரிப்பாளர் சங்கம் சொல்கிறது. நம் ஊர் சோன்பப்டிப் பெட்டியை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கிவிடும்: யாரும் ஆசையாக வாங்குவதில்லை, எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

## வேஷமும் வானிலையும்

மிட்டாய்க்கு அடுத்தபடி நினைவில் நிற்பது வேஷத்தின் அவஸ்தை. 1950களிலிருந்து 80கள் வரை புரூக்ளினின் பென் கூப்பர் கம்பெனிதான் இதில் பெரிய பெயர். மெல்லிய பிளாஸ்டிக் முகமூடி, பின்னால் ஒரே ஒரு ரப்பர் நாடா. நாடா அறுகிற நேரம் பெரும்பாலும் இரண்டாவது தெருவில். உள்ளே மூச்சுக்காற்று ஆவியாகி முகத்திலேயே வடியும். உடம்புக்கு ஒரு பிளாஸ்டிக் அங்கி. எந்தக் கதாபாத்திரமோ அதன் படமும் பெயரும் நெஞ்சிலேயே அச்சடித்திருக்கும். சூப்பர்மேன் தன் நெஞ்சில் தன் படத்தையே ஏன் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வட மாநிலங்களில் அதற்கு மேல் குளிர்கோட்டு வேறு. அம்மா போட்டுவிட்ட கோட்டுக்குள் மாசக்கணக்கில் கனவு கண்ட வேஷம் முழுதாக மறைந்துபோகும். 1991 ஹாலோவீன் அன்று மினசோட்டாவில் தொடங்கிய பனிப்புயல், மினியாபொலிஸில் 28.4 அங்குலம் பனியைக் கொட்டிவிட்டுத்தான் நின்றது. அந்தப் பகுதியில் அப்போது பிள்ளைகளாக இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு மணி நேரம் போய்விடும்.

## சரி, ஏன் மறக்கவில்லை?

ஹாலோவீன் இரவு மனோதத்துவக்காரர்களுக்கும் பிடித்தமான நாள்; கேட்காமலே ஆராய்ச்சிக்கு ஆட்கள் வாசலுக்கு வருகிறார்களே! மூன்று ஆய்வுகள் இங்கே பொருந்தும்.

1. முகமூடியின் தைரியம் (1976). எட் டீனரும் குழுவினரும் சியாட்டிலில் 27 வீடுகளில் 1,352 பிள்ளைகளை மறைந்திருந்து பார்த்தார்கள். "ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் உள்ளே போய்விடுவார். தனியாக வந்து, பெயரும் சொல்லியிருந்த பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூட அதிகம் எடுக்கவில்லை. கூட்டமாக, பெயர் சொல்லாமல் வந்தவர்களில் பாதிக்கு மேல் கையை உள்ளே விட்டார்கள்.

2. கண்ணாடி (1979). மிட்டாய்க் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடியை வைத்தபோது, தன் முகத்தைத் தானே பார்த்த பிள்ளைகள் குறைவாகவே திருடினார்கள்.

3. கூடக் கொடுத்தால் குறையும் (2008). டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள் சில பிள்ளைகளுக்கு முழு ஹெர்ஷி பார் கொடுத்தார்கள்; வேறு சிலருக்கு அதே பாரைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஒரு சூயிங்கமும் கொடுத்தார்கள். எவ்வளவு சந்தோஷம் என்று முகப் படங்களைக் காட்டிக் கேட்டால், கூடுதலாக வாங்கியவர்களின் சந்தோஷம் குறைவு.

மூன்றாவது ஆய்வு இந்த ஏக்கத்தைப் பெருமளவு விளக்கிவிடுகிறது. மனம் கூட்டிப் பார்த்துக் கணக்கு வைப்பதில்லை. உச்சத்தையும் முடிவையும் பிடித்துக்கொள்கிறது. இருநூறு மிட்டாய் வாங்கிய இரவில் ஞாபகம் இருப்பது ஒரு முழு பாரும் ஒரு டூத் பிரஷ்ஷும்தான். அதோடு, அந்தப் பிள்ளைகளுக்கு அது பெரியவர்கள் துணைக்கு வராமல், இருட்டிய பிறகு, முகத்தை மறைத்துக்கொண்டு தெருவில் நடக்கக் கிடைத்த ஒரே இரவு. அதைக் கடையில் விற்பதில்லை. அதனால்தான் அதே ஸ்னிக்கர்ஸை இன்று வாங்கிச் சாப்பிட்டாலும் காரியம் ஆவதில்லை.

## இப்போது என்ன நடக்கிறது?

செலவு குறையவில்லை. தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பின் 2023 கணிப்புப்படி ஹாலோவீன் செலவு 1,220 கோடி டாலர். அதில் மிட்டாய்க்கு மட்டும் 360 கோடி. 2005இல் இயற்றிய சட்டப்படி 2007 முதல் கோடை நேரக் கடிகாரம், அதாவது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பிவைக்கும் ஏற்பாடு, நவம்பர் முதல் ஞாயிறு வரை நீண்டது. ஹாலோவீன் மாலைக்கு ஒரு மணி நேரம் கூடுதல் வெளிச்சம் கிடைத்தது. பிள்ளைகளைத் தெருவில் விடாமல், வாகன நிறுத்தத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தி, டிக்கியைத் திறந்துவைத்துக் கொடுக்கும் 'ட்ரங்க் ஆர் ட்ரீட்' பல ஊர்களில் பரவியிருக்கிறது. பாதுகாப்பானதுதான். பழையவர்களுக்கு அது பிடிப்பதில்லை, இருபது காரைச் சுற்றினால் முடிந்துவிடுகிறதே.

கவனிக்க வேண்டிய மாற்றம் சாக்லேட்டில். உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைகிறது. மழையும் நோயும் அங்கே விளைச்சலைக் கெடுத்ததில், 2022இல் டன் 2,500 டாலர் அளவில் இருந்த விலை 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது, 2025இல் இறங்கியது. விலை ஏறியபோது கம்பெனிகளுக்கு இருந்த வழிகள் மூன்று: விலையை உயர்த்துவது, எடையைக் குறைப்பது, கொக்கோ இல்லாத மிட்டாயைப் பைக்குள் அதிகம் போடுவது. நான்காவதாக ஒன்று உறையில் பொடி எழுத்தில் இருக்கும். அமெரிக்கச் சட்டப்படி 'மில்க் சாக்லேட்' என்று போட வேண்டுமானால் குறைந்தது 10 சதவீதம் அரைத்த கொக்கோவும் 12 சதவீதம் பால் திடப்பொருளும் இருக்க வேண்டும். வேறு எண்ணெயைக் கலந்து அந்த வரம்பிலிருந்து விலகினால், 'சாக்லேட் சுவை' என்கிற மாதிரி ஏதாவது சுற்றி வளைத்துத்தான் எழுத முடியும். "சின்ன வயசில் இன்னும் ருசியாக இருந்ததே" என்று ஒருவர் புலம்பினால், எல்லாமே அவரது கற்பனை என்று ஒதுக்கிவிட வேண்டாம். உறையைத் திருப்பிப் பார்க்கலாம்.

ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக, வாசலில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணியை வைக்கும் பழக்கமும் 2014 முதல் நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. இந்த வீட்டில் பென்சில், ஸ்டிக்கர் போன்ற தின்பண்டம் அல்லாத பொருளும் உண்டு என்பதற்கான அடையாளம் அது.

அங்கே வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதிலிருந்து ஒரு நடைமுறைக் குறிப்பு உண்டு. தீபாவளி ஹாலோவீனை ஒட்டி வருவது வழக்கம். 2024இல் இரண்டும் அக்டோபர் 31 அன்றே வந்தன. வீட்டில் அதிரசமும் முறுக்கும் இருக்கிறதே, வரும் பிள்ளைகளுக்கு அதையே கொடுக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், நன்றியும் சொல்வார்கள். வீட்டுக்குப் போனதும் அது குப்பைக்குப் போய்விடும். உங்கள் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பாப்கார்ன் உருண்டையை ஒழித்த அதே விதிதான் இதற்கும். கதவைத் தட்டுகிறவர்களுக்கு உறை போட்ட மிட்டாயைக் கொடுத்துவிட்டு, அதிரசத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுங்கள். பெயர் தெரிந்த கையிலிருந்து வந்தால் அவர்களும் சாப்பிடுவார்கள். கடலை, முந்திரி எதிலெதில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும்.